ஆற்காட்டு நவாபின் வீடு ஆற்காட்டில் இல்லாமல் சேப்பாக்கத்தில் நிற்பது எதனால்?

கேள்வி: பாலாற்றங்கரை ஆசிரியை (ஆற்காடு)

அனைவருக்கும் வணக்கம். ஆற்காட்டில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். கர்நாடகப் போர்கள் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளைப் பாலாற்றின் கரையில் நிற்கும் டில்லி கேட்டுக்கு அழைத்துச் சென்று, 1751-இல் கிளைவ் ஒரு சிறு படையோடு இந்த ஊருக்குள் நுழைந்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய வரலாற்றை அந்த வாயிலின் நிழலில் வைத்தே சொல்வது வழக்கம். வாயிலுக்கு மேலே இருக்கும் சிறிய அறையை எல்லோரும் கிளைவின் அறை என்று காட்டுகிறார்கள், நானும் காட்டுகிறேன். இந்த ஆண்டு ஒரு மாணவி, "வெள்ளைக்காரர் இருந்த அறை இருக்கிறது, டீச்சர். நவாப் இருந்த வீடு எங்கே?" என்று கேட்டாள். சென்னையில் சேப்பாக்கத்தில் இருக்கிறது என்று பதில் சொன்னேன். "ஆற்காட்டு நவாப் எதற்குச் சென்னையில் வீடு கட்டினார்?" என்பது அடுத்த கேள்வி. பாடநூலில் இருக்கும் இரண்டு வரியை வைத்துக்கொண்டு அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியாது.

பிள்ளைகளைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துப்போக எண்ணம் இருப்பதால், முன்கூட்டியே நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். செங்கல் கோபுரம் ஒன்று, அதற்கு இருபுறமும் குவிமாடங்களும் வளைவுகளும் கொண்ட இரண்டு பெரிய கட்டடங்கள், சுற்றிலும் அரசு அலுவலகங்கள். இவற்றில் நவாப் கட்டியது எது, ஆங்கிலேயர் சேர்த்தது எது, அண்மையில் புதுப்பித்தது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நவாப் எப்போது, ஏன் ஆற்காட்டை விட்டுப் போனார் என்பதையும், அந்த மாளிகையை யார் கட்டினார் என்பதையும் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: வாலாசாப்பேட்டை வாசி

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். உங்கள் மாணவி கேட்டது நம் மாவட்டத்துக்காரர்கள் எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வரலாற்றுப் பகுதியை மட்டும் நான் எழுதுகிறேன். கட்டடத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் வருவார்கள்.

திப்பு சுல்தான் 1783-இல் ஆற்காட்டின் மதில்களை இடித்தார், அதனால்தான் இங்கே எதுவும் மிஞ்சவில்லை என்று ஊரில் பொதுவாகச் சொல்வார்கள். மதில் இடிபட்டது உண்மைதான். ஆனால் வீட்டுக்காரரான நவாப் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பாதியில் நின்றுவிடும். சேப்பாக்கம் மாளிகை 1768 வாக்கில் எழுந்துவிட்டது. ஐதர் அலி ஆற்காட்டைப் பிடித்தது 1780-இல். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கின்றன.

அவர் ஏன் போனார் என்பதை விளங்கிக்கொள்ள, அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் நம் பகுதி பட்ட பாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். சாதத்துல்லா கான் 1710 முதல் 1732 வரை ஆண்ட காலத்தில் ஆற்காடு ஒரு தலைநகருக்குரிய அமைதியோடு இருந்தது. 1740-இல் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியரோடு நடந்த போரில் நவாப் தோஸ்த் அலி மாண்டார். 1742-இல் அவர் மகன் சப்தர் அலி வேலூரில் கொலை செய்யப்பட்டார். 1749-இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். இன்றைக்கு நாம் பேருந்தில் போய்விட்டு மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய தொலைவுக்குள், பத்தே ஆண்டுகளில் மூன்று நவாபுகளின் உயிர் போயிருக்கிறது. அன்வருத்தீனின் மகன்தான் முகம்மது அலி வாலாஜா. தகப்பனார் ஆம்பூரில் விழுந்த பிறகு திருச்சிராப்பள்ளியில் தஞ்சம் புகுந்து, ஆங்கிலக் கம்பெனியின் பீரங்கிகளை நம்பித்தான் அவர் நவாப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். கிளைவ் ஆற்காட்டுக்கு வந்ததே திருச்சியைச் சூழ்ந்திருந்த, நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் படையைப் பிரித்து இந்தப் பக்கம் இழுப்பதற்காகத்தான்.

1763-இல் பாரிசு உடன்படிக்கை முகம்மது அலியைக் கர்நாடகத்தின் (இன்றைய கர்நாடக மாநிலம் அன்று, ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதி) முறையான நவாபாக ஏற்றுக்கொண்டது. பட்டம் உறுதியானாலும், அதைக் காப்பாற்றும் படை சென்னைக் கோட்டையில் இருந்தது. ஆகவே அந்தக் கோட்டைக்குள்ளேயே ஒரு மாளிகை கட்டிக்கொள்ள அவர் விரும்பினார். அந்தத் திட்டம் கைகூடவில்லை. அதன் பிறகே கோட்டைக்குத் தெற்கே, கூவம் ஆற்றுக்கு அப்பால், கடலைப் பார்த்த மாதிரி 117 ஏக்கர் பரப்பில் சேப்பாக்கம் வளாகம் உருவானது. ஆற்காட்டு அரசரின் குடியிருப்பு, கம்பெனியின் பீரங்கி எட்டும் தூரத்தில் அமைந்தது.

செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கம்பெனிப் படைக்குக் கொடுக்க வேண்டிய தொகை, மாளிகைச் செலவு, கம்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கொழுத்த வட்டிக்கு வாங்கிய கடன் எல்லாம் சேர்ந்து நவாபின் கழுத்தை நெரித்தன. கடனுக்கு ஈடாக அவர் எழுதிக்கொடுத்தது நிலவரி வசூலிக்கும் உரிமையை. நம் முன்னோர் களத்துமேட்டில் அளந்து கொடுத்த நெல்லும் கேழ்வரகும் சென்னையில் இருந்த வட்டிக்காரர்களின் கணக்கில் போய்ச் சேர்ந்தன. 1781-இல் கர்நாடகத்தின் வருவாயையே கம்பெனியிடம் ஒப்படைக்கும் நிலை வந்தது. 1785-இல் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் நீண்ட உரை ஆற்றினார். ஆற்காடு என்ற பெயர் இலண்டனில் அவ்வளவு உரக்க ஒலித்தது கடன்காரர்களின் பேராசையால்தான் என்பது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாலாஜா 1795-இல் காலமானார். அவர் மகன் உம்தத்துல் உமரா 1801 ஜூலையில் சேப்பாக்கத்தில் இறந்ததும், நவாபுகள் திப்புவோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்ததாகச் சொல்லி, சீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களைக் காரணம் காட்டி, கம்பெனி கர்நாடகம் முழுவதையும் அதே மாத முடிவில் எடுத்துக்கொண்டது. வட ஆற்காடு கம்பெனியின் மாவட்டமானது அப்படித்தான். பட்டம் மட்டும் இன்னும் அரை நூற்றாண்டு நீடித்தது. 1855-இல் குலாம் கவுஸ் கான் வாரிசில்லாமல் இறந்தபோது கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியின் ஆட்சி அதையும் நிறுத்தியது. 1859-இல் கடனைத் தீர்ப்பதற்காக மாளிகை ஏலத்துக்கு வந்தது. அரசே அதை எடுத்துக்கொண்டது.

ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரைத்தான் ஐதர் அலி தம் மகனுக்கு வைத்தார். அந்த மகன் இந்த ஊரின் மதிலை இடித்தார். அவுலியாவின் தர்கா இன்றும் இருக்கிறது. டில்லி கேட்டோடு நிறுத்திவிடாமல், பிள்ளைகளை அங்கேயும் அழைத்துப் போங்கள்.

பதில்: காரைக்கட்டு (வேலூர்)

வணக்கம் அம்மா. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய கட்டடங்களின் மேல் எனக்குத் தீராத ஈடுபாடு உண்டு. வாலாசாப்பேட்டை நண்பர் வரலாற்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். கட்டடத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதற்கு என்னால் இயன்றதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பெயர்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கலச மகால், உமாயூன் மகால். கலச மகால் இரண்டு தளங்களும் சிறு குவிமாடங்களும் கொண்டது. நவாபின் குடியிருப்பு அது. உமாயூன் மகால் முதலில் ஒரே தளமாக, நடுவில் குவிமாடத்தோடு இருந்தது; தர்பார் நடந்த இடம் அது. இவை இரண்டும் வாலாஜா காலத்தவை. அக்காலத்தில் இவை தனித்தனியே நின்றன. வளாகத்தைச் சுற்றி மதிலும், வாலாஜா சாலைப் பக்கம் நகாரா முழங்கும் வாயிலும் இருந்தன. அந்த மதிலும் வாயிலும் இப்போது இல்லை.

நீங்கள் பார்த்த செங்கல் கோபுரம் நவாப் காலத்தது அன்று. மாளிகை அரசின் கைக்கு வந்த பிறகு, அரசுக் கட்டடக்கலைஞராக இருந்த இராபர்ட் ஃபெலோஸ் சிஷம் இரண்டு மகால்களுக்கும் நடுவே அதை எழுப்பி இரண்டையும் ஒன்றாக இணைத்தார். உமாயூன் மகாலுக்கு மேல்தளம் கட்டியவரும் அவரே. வருவாய் வாரியத்துக்காக 1871 வாக்கில் நடந்த வேலை அது. ஆகவே, பிள்ளைகளுக்கு ஓர் எளிய வழி சொல்லலாம்: பூசாத செங்கலே அலங்காரமாக, பல நிற வரிகளோடு நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் சிஷமின் கை என்று கொள்ளலாம், தாழ்ந்த விதானத்தோடு சுண்ணாம்புப் பூச்சும் பல மடிப்பு வளைவுமாக அகலமாகப் படர்ந்திருப்பதைப் பார்த்தால் அது பெரும்பாலும் நவாபின் பகுதி. இது முழுக்கச் சரியான விதி என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் சிஷம் தாம் சேர்த்தது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது என்று மிகவும் கவனமாக வேலை செய்தவர். நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்தபோது மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிட்ட பணியிலும் அவர் இருந்தார். இந்த நாட்டுக் கொத்தர்களின் கைவேலையை மதித்துக் கற்றுக்கொண்ட ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர்களில் அவரை முன்வரிசையில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சேப்பாக்கத்துக்கு அருகிலேயே இருக்கும் மாநிலக் கல்லூரியும் செனட் மண்டபமும் அவர் கட்டியவைதான். மூன்றையும் ஒரே நடையில் பார்த்துவிட்டால் அவருடைய கைப்பழக்கம் பிள்ளைகளின் கண்ணுக்கே பிடிபட்டுவிடும்.

கடற்கரைச் சாலையிலிருந்து பார்த்தால் மாளிகை ஏன் சரியாகத் தெரிவதில்லை என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். எழிலகமும் பிற அலுவலகங்களும் அதற்கும் கடலுக்கும் நடுவே எழுந்துவிட்டன. வளாகத்தின் இன்னொரு பகுதியில்தான் கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. இது பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போகும் செய்தி. தொலைக்காட்சியில் அவர்கள் பார்க்கும் சேப்பாக்கம் மைதானம் நவாபின் தோட்டத்து மண்.

இப்போது கூரைக்கு வருகிறேன். சுவர்களைக் காட்டிலும் அந்தக் காலத்துக் கட்டடத் தொழிலைச் சொல்லித்தருவது மெட்ராஸ் டெரஸ் என்று நாங்கள் சொல்லும் கூரைதான். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம் போட்டு, அதன்மேல் ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சட்டங்களை அடுக்குவார்கள். அந்தச் சட்டங்களின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, படுக்கையாக வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, ஒரு மூலையிலிருந்து தொடங்கி மூலைவாட்டமாகக் கட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுக் கொடுத்துப் பலகை அடிக்கும் வேலையே இல்லை. முந்தைய வரிசை அடுத்த வரிசையைப் பிடித்துக்கொள்ளும். அது இறுகிய பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை மூன்று நான்கு அங்குலம் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை பட்டுத் துள்ளும் அளவுக்குக் காரை இறுக வேண்டும். அதுவரை விட மாட்டார்கள். அதற்கும் மேலே தட்டோடு பதித்து, நீர் வடிவதற்கு வாட்டம் பார்த்து முடிப்பார்கள். சிமெண்டும் கம்பியும் ஒரு துளி இல்லாத இந்தக் கூரை, பராமரிப்பு இருந்தால் நூற்றைம்பது ஆண்டு நிற்கும். மழைநீர் வடியும் வாரிக்கால் அடைத்துக்கொண்டு சட்டத்தின் முனையில் ஈரம் தங்கினால்தான் அதற்கு ஆபத்து.

2012 ஜனவரியில் கலச மகாலில் தீ விபத்து நேர்ந்தபோது எரிந்து விழுந்தது இப்படிப்பட்ட மரமும் காரையும் கொண்ட கூரைதான். செய்தியைப் பார்த்த அன்று, இனி அதை இடித்துவிட்டு எட்டு மாடி அலுவலகம் கட்டிவிடுவார்கள் என்றே நான் அஞ்சினேன். அப்படி நடக்கவில்லை. பொதுப்பணித் துறை பழைய முறையிலேயே சுண்ணாம்பு அரைத்து, மெட்ராஸ் டெரஸ் போட்டு, அந்தக் கட்டடத்தை மீட்டது. இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. பிறகு உமாயூன் மகாலும் அதே வழியில் சீரமைக்கப்பட்டது. கூரை புதிது என்பதால் கட்டடம் போலி ஆகிவிடாது. பொருளும் முறையும் பழையவை, சுவர் வாலாஜா காலத்தது. நான் பிள்ளைகளுக்கு இதைத் தயங்காமல் பழைய மாளிகை என்றே சொல்வேன்.

பதில்: கோட்டைவாசல் (வேலூர், ஆய்வு மாணவர்)

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. யார் கட்டினார் என்ற கேள்வி விடுபட்டுப்போனதால் அதை மட்டும் சொல்கிறேன்.

சேப்பாக்கம் மாளிகையை வடிவமைத்தவர் பால் பென்ஃபீல்ட் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். நம் ஆசிரியை அம்மா இதை "கருதப்படுகிறது" என்ற அளவிலேயே வகுப்பில் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். பென்ஃபீல்ட் கம்பெனிப் பணிக்காகச் சென்னைக்கு வந்தது 1764-இல். அப்போது இருபது வயது கடந்த இளைஞர். அவர் வரைந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தியே தவிர, அவர் கையெழுத்திட்ட வரைபடத்தையோ கணக்கையோ வைத்து நிறுவப்பட்டதன்று. கோட்டை வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்தவர் என்பதும், நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களில் மிகப் பெரிய புள்ளியாக வளர்ந்தவர் என்பதும், பர்க் தம் உரையில் பெயர் சொல்லிச் சாடிய ஆள் அவர்தான் என்பதும் உறுதியானவை. வீட்டுக்கு வரைபடம் போட்டவராகச் சொல்லப்படுபவரே வீட்டுக்காரரின் கடன்காரராகவும் இருந்தார் என்பது போதாதா? பாடத்துக்கு அதுவே வலுவான செய்தி.

இன்னொன்று. இந்தோ சாரசனிக் பாணியின் (இந்திய, இசுலாமியக் கட்டட வடிவங்களை ஆங்கிலேயர் கலந்து கட்டிய பாணி) முதல் கட்டடம் சேப்பாக்கம் மாளிகை என்ற கூற்றையும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். அந்தப் பாணியை ஒரு கொள்கையாக வகுத்துப் பின்பற்றியது சிஷம் தலைமுறையினர். அதற்கு நூறு ஆண்டு முந்தைய நவாப், தம் குலத்தவர் தக்காணத்திலும் ஆற்காட்டிலும் எப்படிக் கட்டிப் பழகினார்களோ அப்படித்தான் ஒரு மாளிகையைக் கேட்டிருப்பார். சிஷம் தம் வேலைக்கு முன்மாதிரியாக அதை எடுத்துக்கொண்டார் என்று சொல்வதே பொருத்தம்.

நம் பக்கத்தில் இதற்கு இணையாகக் காட்ட வேண்டுமென்றால் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் மகால்களைக் காட்டுங்கள். திப்புவின் குடும்பத்தாரை 1799-க்குப் பிறகு அடைத்துவைத்திருந்த இடம் அது. 1806 ஜூலை 10 கிளர்ச்சிக்குப் பிறகுதான் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கண்டியின் கடைசி அரசர் சிறீ விக்கிரம ராஜசிங்கர் 1832-இல் இறக்கும்வரை சிறையிருந்ததும் இதே கோட்டையில்தான். நவாபின் மாளிகை கடனால் போனது; இவை சிறையாக இருந்ததால் நிலைத்தன.

கேள்வியாளர்: பாலாற்றங்கரை ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தீ விபத்தைப் பற்றியும் கூரையைப் பற்றியும் காரைக்கட்டு ஐயா எழுதியதை அப்படியே வகுப்பில் படித்துக் காட்டப்போகிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஆற்காட்டு இளவரசர் குடும்பம் இப்போது இருக்கும் அமீர் மகால் இதில் எங்கே வருகிறது? சேப்பாக்கத்திலிருந்து நேரே அங்கே போனார்களா? அடுத்து, பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலில் சேர்த்துவிட்டால் அதற்கு என்ன பாதுகாப்பு கிடைக்கிறது? வாலாசாப்பேட்டையிலும் ஆற்காட்டிலும் பழைய மெத்தை வீடுகளை (மாடி வீடுகளை) ஒவ்வொன்றாக இடித்து வணிக வளாகம் கட்டிக்கொண்டு வருகிறார்கள். என் மாணவர்களில் ஒருவரின் வீடே அப்படிப்பட்டது. அவர்கள் வீட்டுக்கும் பட்டியல் உண்டா என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

பதில்: வாலாசாப்பேட்டை வாசி

அமீர் மகாலைப் பற்றி நான் சொல்கிறேன். சேப்பாக்கத்தை இழந்த குடும்பம் திருவல்லிக்கேணியில் இருந்த ஷாதி மகாலில் சில காலம் தங்கியது. குலாம் கவுஸ் கானின் சிறிய தகப்பனார் ஆசிம் ஜா பல ஆண்டுகள் முறையிட்ட பிறகு, நவாப் என்ற அரசுரிமை இல்லாமல், 1870-இல் விக்டோரியா அரசியின் ஆணைப்படி "அமீரே ஆற்காடு" என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. ஆற்காட்டு இளவரசர் என்று நாம் சொல்வது அதைத்தான். இராயப்பேட்டையில் இருக்கும் அமீர் மகால் அரண்மனையாகக் கட்டப்பட்டதன்று. 1798-இல் கம்பெனியின் அலுவலகமாக எழுந்து, பின்பு காவல் நீதிமன்றம் நடந்த கட்டடம். அதை இளவரசருக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுத்தவரும் சிஷம்தான். 1876 முதல் குடும்பம் அங்கே வாழ்கிறது. குடும்பத்தின் அரண்மனை அரசு அலுவலகமாயிற்று. அரசின் அலுவலகம் குடும்பத்தின் அரண்மனையாயிற்று. இரண்டு மாற்றத்தையும் செய்தது ஒரே கட்டடக்கலைஞரின் கை.

அமீர் மகால் இன்றும் குடியிருக்கும் வீடு. ஆகவே, பள்ளியிலிருந்து முறையாகக் கடிதம் எழுதி அனுமதி கிடைத்தால் மட்டுமே அழைத்துப்போங்கள். கலச மகாலில் தீர்ப்பாயம் நடப்பதால் அங்கேயும் அதே முறைதான். வெளியிலிருந்து பார்ப்பதாக இருந்தால் அலுவலக விடுமுறை நாளில் போவது நல்லது. வாகனங்கள் முகப்பை மறைக்காமல் இருக்கும்.

பதில்: காரைக்கட்டு (வேலூர்)

பட்டியலைப் பற்றிய கேள்விக்கு என் பங்கு.

நம் ஊரில் மூன்று வேறுவேறு காரியங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும் இதற்குப் பொருந்தும். இதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர்வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். மாநில அரசுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தான் அறிவிக்கும் சின்னங்கள் தனியே உண்டு. சேப்பாக்கம் மாளிகையின் கதை வேறு. சென்னை உயர் நீதிமன்றம் அமைத்த நீதிபதி பத்மநாபன் குழு 400-க்கும் மேற்பட்ட கட்டடங்களைப் பாரம்பரியக் கட்டடங்களாகப் பட்டியலிட்டது. அதை வைத்துத்தான் சென்னையில் இடிப்பதற்கு முன் ஒரு குழுவிடம் போக வேண்டும் என்ற நிலை வந்தது. சென்னைக்கு வெளியே இருக்கும் ஊர்களுக்கும் இப்படி ஒரு வழி வேண்டும் என்றுதான் 2012-இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் போன்ற தனியார் அமைப்புகள் எடுக்கும் பட்டியல்கள் ஆவணமாக மதிப்புடையவை, ஆனால் இடிப்பதைத் தடுக்கும் சட்ட வலிமை அவற்றுக்குக் கிடையாது.

எந்தப் பட்டியலில் சேர்ந்தாலும் வீட்டின் உரிமை வீட்டுக்காரருக்கே. இதைப் பெற்றோருக்கு முதலில் சொல்லுங்கள். அரசு பிடுங்கிக்கொள்ளும் என்ற அச்சத்தில்தான் பலர் பழைய வீட்டை அவசரமாக இடிக்கிறார்கள்.

பட்டியலுக்குக் காத்திராமல் அவர்கள் இப்போதே செய்யக்கூடியது, வீட்டின் வயதைக் கண்டறிந்து எழுதிவைப்பது. வாலாசாப்பேட்டை 1866-இல் நகராட்சியான ஊர். தமிழ்நாட்டின் முதல் நகராட்சி என்ற பெருமை அதற்கு உண்டு. மைசூர்ப் பக்கத்துச் சரக்கும் கடற்கரைச் சரக்கும் கைமாறிய சந்தை அது. 1856 ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இரயில் வந்து சேர்ந்தது வாலாஜா ரோடு நிலையத்தில்தான், ஆனால் நிலையம் ஊருக்குள் இல்லை. இரயில் வந்த பிறகு வணிகம் மெல்ல மெல்ல வேறு ஊர்களுக்குப் போய்விட்டது. அங்கே நாம் பார்க்கும் பெரிய வணிகர் வீடுகளின் செல்வம் எந்தக் காலத்தது என்பதற்கு இது ஒரு குறிப்பு.

வீட்டுக்குள்ளேயே வேறு சான்றுகள் கிடைக்கும். இரும்பு உத்திரம் இருந்தால் அதன் வயிற்றில் "டார்மன் லாங்" என்று எழுத்து உருண்டிருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். அந்த இங்கிலாந்து நிறுவனம் தொடங்கியதே 1875-இல் என்பதால் அந்தப் பகுதி அதற்குப் பிந்தையது. மங்களூர் ஓட்டைக் கழற்றி அடிப்பக்கத்து முத்திரையைப் படியுங்கள். பாசல் மிஷன் என்ற கிறித்தவ ஊழிய அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். பர்மாத் தேக்குத் தூண்கள் இருந்தால், 1942-இல் பர்மாப் போக்குவரத்து நின்றுபோவதற்கு முன் வாங்கியவை என்று பெரும்பாலும் கொள்ளலாம். தாழ்வாரத்துச் சுவரில் நகத்தால் கீறினால் மாவாக உதிர்வது சுண்ணாம்பு. கீறல் விழாமல் நகம் வழுக்கினால் பிற்காலத்தில் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். வீட்டுப் பழைய பத்திரங்களில் நான்கெல்லையும் "மெத்தை வீடு" என்ற குறிப்பும் முதன்முதலில் எந்த ஆண்டுப் பத்திரத்தில் வருகிறது என்று பாருங்கள். அந்த ஆண்டுக்கும் உத்திரத்து எழுத்துக்கும் ஓட்டு முத்திரைக்கும் பொருந்திவந்தால் பட்டியல் கேட்டு எழுதும் விண்ணப்பத்துக்கு அடித்தளம் கிடைத்துவிடும்.

கூரை ஒழுகினால், மேலே சிமெண்ட் காங்கிரீட் கொட்டச் சொல்லும் மேஸ்திரியின் பேச்சை மட்டும் கேட்க வேண்டாம். மரச் சட்டங்கள் அந்தப் பாரத்தைத் தாங்குவதற்காகப் போடப்பட்டவை அல்ல. அடியில் புகும் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் சட்டத்தின் முனையை அரித்துவிடும். தட்டோடு பெயர்ந்த இடத்தில் பழைய காரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் காரையாலேயே அடைத்து, வாட்டத்தைச் சரிசெய்து, வாரிக்காலைச் சுத்தமாக வைத்தால் போதும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தர்கள் கோயில் திருப்பணி நடக்கும் இடங்களில் இன்னும் இருக்கிறார்கள். அங்கே விசாரித்தால் ஆள் கிடைக்கும். பெற்றோர் சம்மதித்தால் சேப்பாக்கம் போவதற்கு முன் பிள்ளைகளை அந்த வீட்டுக்கு அழைத்துப்போய், கூடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். சட்டங்களுக்கு நடுவே மூலைவாட்டமாக ஓடும் செங்கல் வரிசை அங்கே கைக்கெட்டும் உயரத்துக்குச் சற்று மேலே தெரியும். சேப்பாக்கத்தில் அது மிக உயரத்தில் இருக்கும்.